எண்பது எழுத்து அகலம்

எழுபதுகளில் என் அத்தை சென்னையில் ஓர் அலுவலகத்தில் பஞ்ச் ஆபரேட்டர். குருசுக்குப்பத்து எங்கள் குடும்பத்திலிருந்து வெளியூர் வேலைக்குப் போன முதல் பெண். தாளில் உள்ளதைப் பார்த்து விசைகளைத் தட்டினால் கெட்டி அட்டையில் துளைகள் விழும். ஓர் அட்டையில் 80 எழுத்துகளுக்கு இடம். ஒரு துளை தவறினாலும் புது அட்டை எடுத்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். அடித்ததை இன்னொரு பெண் மறுபடி தட்டிச் சரிபார்ப்பார். அட்டைக்கட்டுகளைக் கணினி அறை வாசலில் கொடுப்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. “உள்ள சாருங்க மட்டும்தான் போவாங்க” என்பார் அத்தை.

சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது 1973இல். அங்கும் அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டும்.

1998இல் நான் தமிழ் இலக்கியம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்தபோது அட்டைகள் மறைந்திருந்தன. சான்றிதழ் வகுப்பு என்று வாரம் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர். செருப்பை வாசலில் விட்டு நுழைந்தால் ஏ.சி. குளிர், கறுப்புத் திரையில் டாஸ், 1.44 எம்.பி. ஃபிளாப்பி, கீச்சிடும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அந்தச் சத்தம் இன்றும் எனக்குப் பிடிக்கும்.

“ஒரு வரிக்கு எத்தனை எழுத்துடி விழுது?” என்று அத்தை கேட்டார். மறுவாரம் எண்ணினேன். 80. பழைய அட்டையின் அகலமே திரையின் அகலமாகியிருந்தது. “அப்போ அது எங்க அட்டைதான்” என்றார் அத்தை.

எங்கள் தெருப் பெண்கள் பத்தாம் வகுப்பு முடித்ததுமே டைப்ரைட்டிங் லோயர், ஹையர் படித்தவர்கள். பத்து விரல்களுக்கும் விசைகள் அத்துப்படி. பையன்கள் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் ஆய்வகத்தில், “நீ டைப் பண்ணும்மா, புரோகிராமை அவன் எழுதட்டும்” என்பார்கள். மாலை ஆறு மணிக்கு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பையன்களுக்கு அறை திறந்தே இருக்கும். இரவில் உட்கார்ந்து கற்றவர்களுக்குத் திறமை இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நேரமும் இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

‘கம்ப்யூட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் முதலில் கணக்குப் போடும் ஆளைத்தான் குறித்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பீரங்கிக் கணக்குகளைப் போட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 1946இல் அறிமுகமான எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் அவர்களில் ஆறு பேர். அறிமுக நாள் விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. வேலை கைவேலையாகத் தெரிந்தவரை பெண்களிடம் இருந்தது. அதற்கு மதிப்பும் சம்பளமும் கூடியபோது கை மாறியது.

1999இல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதை ஒட்டி தமிழ்99 விசைப்பலகை வந்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகள் வலக்கைக்கு. பின்னாளில் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை அதில்தான் நானே தட்டினேன், பெரும்பாலும் இரவில், என் வீட்டில், என் கணினியில்.

இப்போது என் மாணவிகளிடம் ஒன்று சொல்வதுண்டு. கல்லூரியில் எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்டால் போதாது. அறை எத்தனை மணிவரை திறந்திருக்கும், யாருக்குத் திறந்திருக்கும், அதையும் கேளுங்கள்.