பன்னீர் ரோஜாவும் பாகப்பிரிவினையும்

ரோஜா குளிர்தேசத்துப் பூ என்பது, ஊட்டிக்குச் சுற்றுலா போய்த் திரும்பியவர்கள் பரப்பிய எண்ணம் என்றே நினைக்கிறேன். கரும்பும் மல்லாட்டையும் விளைகிற எங்கள் களமருதூர்ப் பக்கம் அது பிழைக்காது என்று தீர்ப்பே எழுதிவிடுவார்கள். ஒட்டுச்செடிகளைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மையும்கூட. ஓசூரிலிருந்து வண்டியேறி வரும் செடி மார்கழியில் கையகலம் பூக்கும், சித்திரையில் கருகும். மணம் மட்டும் எந்த மாதத்திலும் இராது.

பன்னீர் ரோஜாவின் கதை வேறு. காம்பு குட்டை, ஜாடியில் வைக்க ஆகாது. காலையில் பறிக்காமல் விட்டால் வெயிலேறுவதற்குள் இதழ்களை உதிர்த்துவிடும். ஆயினும் எங்கள் வீட்டுத் துவைகல்லின் அருகே, அரிசி களைந்த நீரைக் குடித்தே ஒரு தலைமுறைக்கு மேல் அது நின்றது. மல்லாட்டைத் தோலைத் தூரில் பரப்புவதும், மழைக்காலத்தில் கவாத்து செய்வதும், பிற்பகலில் முருங்கை நிழல் விழுவதுமே அதற்குக் கிடைத்த உபசாரம்.

இந்த உரத்துக்கு வம்சத்தில் காரணம் உண்டு. இதன் நெருங்கிய உறவான எட்வர்ட் ரோஜா, இந்தியப் பெருங்கடலில் அன்று பூர்போன் எனப்பட்ட ரீயூனியன் தீவில், டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து பிறந்தது. அதன் விதைகள் 1819 வாக்கில் பாரீஸுக்குப் போயின. அந்த நூற்றாண்டிலேயே புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம்மவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். ஆட்கள் அங்கே போக, ரோஜா இங்கே வந்து எட்வர்டாகிவிட்டது. நம் நாட்டில் நெடுங்காலம் ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாக உதவியதும் இதுதான். மேலே ஒட்டு கருகி, கீழிருந்து துளிர்த்துச் சிறு பூ பூத்தால் 'செடி மாறிவிட்டது' என்பார்கள். மாறவில்லை, அதுவரை சுமந்துகொண்டிருந்த வேர் தன் முகத்தைக் காட்டுகிறது, அவ்வளவே.

வெப்பநாட்டுக்கு வெப்பநாட்டு ரோஜாவே வேண்டும் என்று கொடைக்கானலில் பல்லாண்டுகள் உழைத்தவர்கள் வீரு வீரராகவனும் கிரிஜா வீரராகவனும். வங்கத்து நீர்க்கரைகளில் வளரும் ரோஸா கிளினோஃபில்லா, மணிப்பூர் மலைகளின் ரோஸா ஜைகாண்டியா ஆகிய காட்டு இனங்களைக் கலந்து புதிய வகைகளை உருவாக்கினார்கள். கோயம்புத்தூரில் கரும்பை ஆராய்ந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் பெயரையும் ஒரு ரோஜாவுக்குச் சூட்டினார்கள். கரும்புச் சீமைக்காரனான எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

எங்கள் செடிக்கு ஆபத்து வெயிலால் வரவில்லை; அளவுச் சங்கிலியால் வந்தது. ஓர் ஆடி மாதத்தில் பாகம் பிரித்தபோது துவைகல்லும் ரோஜாவும் சித்தப்பா பங்குக்குப் போயின. அவர் அங்கே கார் கொட்டகை போட நாள் பார்த்துவிட்டார். பித்தளை அண்டாவுக்கும் ஊஞ்சலுக்கும் வாய் திறவாத அம்மா, இதற்கு மட்டும் அவர் வாசலுக்குப் போய் நின்றாள்.

"தம்பி, கார்த்திகை வரைக்கும் பொறுத்துக்குங்க. மழை விழாம பதியன் வேர் பிடிக்காது."

நான்கு மாதம் என்பது சிமெண்டும் கம்பியும் வாங்கி வைத்தவருக்குச் சிறிய காலமன்று. சித்தப்பா சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சரிங்க அண்ணி" என்றார்.

ஐப்பசி மழையில் ஐந்து கிளைகளை வளைத்து, கணுவுக்குக் கீழே பட்டை சீவி, மண்மூடிக் கல் வைத்தாள். மூன்று வேர்விட்டன. இரண்டு எங்கள் பக்கம் இருக்கின்றன. மூன்றாவது, கொட்டகைத் தூணோரம் ஒரு சிமெண்டுத் தொட்டியில். அதற்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவது சித்தப்பாதான்.