வலி: ஒரு எதிர்ப்பதிவு

போன வருஷம் இந்தப் பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதியபோது, வலி ஒன்றுதான் மனிதனின் சொந்தச் சரக்கு, மற்றதெல்லாம் இரவல் என்று சொல்லியிருந்தேன். இரண்டு நண்பர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். சில மாதங்களில் அம்மாவுக்குப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிற்று. ராத்திரிகளில் அவளிடமிருந்து வந்த ஓசையில் மொழி எதுவும் இல்லை. மார்ஃபின் கேட்டேன். 'பழக்கமாகிவிடும்' என்றார் டாக்டர். பழக்கமாவதற்கு அவளுக்கு நாள் இருக்கவில்லை.

காரியங்கள் முடிந்து லீவில் இருந்தபோது மார்ஃபினைப் பற்றிப் படித்தேன். அது போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் மூளையில் இருப்பது 1973-ல் நிரூபணமாயிற்று. ஒரு செடியின் பாலுக்காக மூளை இடம் ஒதுக்கி வைத்திருக்காது. உள்ளேயே ஏதோ சுரக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரில் அதைத் தேடியவர்கள் ஜான் ஹியூஸும், நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி எழுபதைக் கடந்துவிட்டிருந்த ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும். பன்றி மூளைகளை அரைத்துச் சாறெடுத்தார்கள். சுண்டெலியின் விந்துக் குழாயைத் திரவத்தில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சினால் அது துடிக்கும். மார்ஃபின் அந்தத் துடிப்பை அடக்கும். மூளைச் சாறும் அடக்கிற்று. ஆனால் துடிப்பை அடக்கும் பொருள்கள் பல உண்டே. ஆகவே மார்ஃபினுக்கு முறிமருந்தான நலாக்ஸோனைச் சேர்த்தார்கள். துடிப்பு திரும்பிற்று. அதுதான் சாட்சி. ஐந்தைந்து அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சிறு சங்கிலிகள். கடைசிக் கண்ணியில் மட்டும் வித்தியாசம். 1975-ல் வெளியான கட்டுரையில் அவற்றின் பெயர் என்கெஃபலின். தலைக்குள் இருப்பது என்று பொருள்.

அந்தப் பாத்திரத்தில் வலி என்று எதுவும் இல்லை, ஒரு தசைத் துண்டின் துடிப்புதான் என்பதை நான் மறக்கவில்லை. இருந்தாலும் ஒன்று உறைத்தது. வலியைப் போலவே அதன் தணிப்பும் உடம்பின் சொந்தச் சரக்கு. சுரந்த சற்று நேரத்திலேயே என்ஸைம்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன; அவ்வளவுதான் அதன் ஆயுள். அம்மாவின் தலைக்குள் சுரந்து போதாமல் போனதற்கு ஈடாகத்தான் நான் டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். அவள் அதை எதிர்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அதைப் போய் நான் அவளுடைய உண்மை என்று எழுதியிருக்கிறேன்.

வங்கியில் தப்பான பதிவை அழிக்க மாட்டோம், எதிர்ப்பதிவு போடுவோம். இது அது. அந்தக் கவிதைகள் இப்போதும் நல்ல கவிதைகள்தான். ஏன் என்பதற்கு வேறு காரணம் சொல்ல வேண்டும். இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.