ஒரு தீவும் ஒரு திடலும்

ஈப்போ, 4 ஆகஸ்டு 2024, ஞாயிறு

விடியற்காலம் மூன்று மணிக்குமேல், பாரிஸ் நகரத்து மழையில் நனைந்து கிடந்த ஓட்டப் பாதையில், செயிண்ட் லூசியா என்னும் கரீபியன் தீவிலிருந்து வந்த ஜூலியன் ஆல்பிரட் என்ற இருபத்துமூன்று வயதுப் பெண், அமெரிக்காவின் ஷாகாரி ரிச்சர்ட்ஸனைப் பின்னே விட்டுவிட்டு நூறு மீட்டரை 10.72 வினாடியில் ஓடி முடித்ததைக் கண்ணாரக் கண்டேன். அத்தீவின் ஜனத்தொகை இரண்டு லட்சத்துக்கும் குறைவு. நம் ஈப்போவில் வாழ்வோரில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒலிம்பிக் சரித்திரத்தில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதற்பதக்கமே தங்கமாக அமைந்தது. அதே இரவில், ஜனத்தொகையில் அதனினும் சிறிய டொமினிக்காவின் தியா லாஃபாண்டும் மும்முறைத் தாண்டுதலில் தம் நாட்டுக்கு முதற்பதக்கத்தைத் தங்கமாகவே பெற்றுத் தந்தார்.

பேத்தி எழுந்து வந்து, "தாத்தா, அந்த ஊர் எங்க இருக்கு?" என்று கேட்டாள். வரைபடத்தில் காட்டினேன், ஆனால் நான் சொல்ல விரும்பியது வேறு. ஆல்பிரட் சிறுமியாக இருந்தபோது பள்ளிச் சீருடையோடு வெறுங்காலில் ஓடிப் பழகியவர். பதினான்கு வயதில் பயிற்சிக்காகத் தன்னந்தனியே ஜமைக்கா சென்றவர். அவருடைய தீவிலோ, 2009-இல் மருத்துவமனை ஒன்று தீக்கிரையானபோது, நோயாளிகளை வைப்பதற்கு வேறு போக்கின்றி நாட்டின் பிரதான விளையாட்டரங்கையே மருத்துவமனையாக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட இடத்திலிருந்து உலகத்திலேயே வேகமான பெண் தோன்றினாள் என்று வியப்பதோடு நாம் நின்றுவிடுவது நியாயமாகாது. அங்கேயே தங்கியிருந்தால் அவள் என்னவாகியிருப்பாள், அவளைப் போன்ற எத்தனை பேர் தங்கிவிட்டார்கள் என்றும் கேட்கவேண்டும்.

5 ஆகஸ்டு, திங்கள்

நேற்றிரவு ஆரோன் சியா, சோ வூய் யிக் இணை. இன்றிரவு லீ சீ ஜியா. பூப்பந்தில் மலேசியாவுக்கு இரண்டு வெண்கலம். லீ சீ ஜியாவுக்கு எதிரே நின்றவர் இந்தியாவின் லக்ஷ்யா சென். ஆயினும் எங்கள் தெருவில் எந்தத் தமிழ் வீட்டிலும் யாருக்காகக் கைதட்டுவது என்ற சந்தேகம் எழவில்லை. 1956-இல் மெல்பர்னுக்கு மலாயா முதன்முதலாக வீரர்களை அனுப்பியது. 1992-இல் பார்சலோனாவில் சிடேக் சகோதரர்கள் முதற்பதக்கம் கொணர்ந்தார்கள். தங்கத்துக்கு இன்னும் காத்திருக்கிறோம்.

7 ஆகஸ்டு, புதன்

ஒரு காரியமாகக் கோலகங்சார் போயிருந்தேன். 1877-இல் நட்ட ரப்பர் மரங்களுள் எஞ்சி நிற்கும் ஒன்றைப் பார்த்துவிட்டு, அவ்வூரில் 1943-இல் பிறந்த ஓட்டக்காரர் ஜெகதீசனை நினைத்துக்கொண்டே பேருந்தில் திரும்பினேன்.

1960-இல் ரோமாபுரிக்கு நானூறு மீட்டர் ஓடப் போனபோது அவருக்கு வயது பதினாறு. 1962-இல் ஜகார்த்தாவில் இருநூறு மீட்டரில் ஆசியத் தங்கம். 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் இருநூறு மீட்டர் அரையிறுதி. 1966-இல் பேங்காக்கில் நூறு, இருநூறு, அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம். கிராணியார் வீட்டு ரேடியோவைச் சுற்றித் தோட்டத்து ஜனங்கள் கூடி நின்ற அந்த டிசம்பர் மாதத்தை நான் மறக்கமாட்டேன். மருத்துவப் படிப்பும் ஓட்டமும் ஒருங்கே நடத்திய அவரைப் பறக்கும் டாக்டர் என்றார்கள். தாப்பாவில் பிறந்த ராஜாமணியோ, பெண்களுக்கான நானூறு மீட்டர் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட 1964-ஆம் வருஷத்திலேயே தோக்கியோவில் அதை ஓடியவர். மறுவருஷம் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்பப் போட்டியில் நான்கு தங்கம் வென்றவர். நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை என்னும் விருதுகளை 1966-இல் முதன்முதலாக ஏற்படுத்தியபோது பெற்றவர்கள் இவ்விருவரே. இருவரும் பேராக் மண்ணில் பிறந்தவர்கள்.

1968-இல் மெக்ஸிகோவில், ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் போடப்பட்ட செயற்கைத் தளத்தில், மீண்டும் அரையிறுதி வரை சென்ற ஜெகதீசன் இருநூறு மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசிய சாதனையைக் கைருல் ஹபீஸ் ஜந்தான் 20.90 ஓடி முறியடித்தது 2017-இல். நாற்பத்தொன்பது வருஷம்! இதைப் பெருமையாகப் பேசுவோரைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஜெகதீசனுக்கு அது பெருமைதான். நாட்டுக்கு அது பெருமையாகுமா என்பதே என் கேள்வி. நல்ல பாதையும் நல்ல காலணியும் தேக சாஸ்திர அறிவும் நாளுக்குநாள் பெருகிவந்த அரை நூற்றாண்டில் ஒருவரும் அவரை மிஞ்சவில்லையென்றால், ஓடவேண்டிய பிள்ளைகள் எங்கோ ஓடாமலே வளர்ந்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?

10 ஆகஸ்டு, சனி

அந்தப் பிள்ளைகளைத் தேடுவதென்றால், சுங்கை சிப்புட்டுக்கு அருகே நான் பிறந்த தோட்டத்துக்குத்தான் போகவேண்டும். போனேன். அது இப்போது தோட்டமில்லை. ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள். செம்பனையை அழித்து வீடமைப்புத் திட்டம் வந்தது.

லயத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு திடல் இருந்தது. பொங்கல் விளையாட்டுக்கு முதல்நாள் சுண்ணாம்பைத் தகர டப்பாவில் குழைத்துக் கயிறு பிடித்துக் கோடு போடுவார்கள். இருட்டோடு பெரட்டு என்னும் வருகைப்பதிவுக்குப் போய், பால் வெட்டி, வாளி சுமந்து ஓய்ந்த பெண்கள், கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலில் ஓடுவார்கள். அவர்களுள் ஒரு அக்கா எல்லா வருஷமும் முதலாவது வந்து ஓர் அலுமினியக் குண்டானைப் பரிசாக வாங்குவார். அவருடைய வேகத்தை யாரும் கடிகாரம் வைத்துப் பார்த்ததில்லை. தோட்டத்துக்கு வெளியே ஓட அழைத்துப் போனதுமில்லை. பள்ளித் திடலும் பயிற்சியாளரும் கிடைத்தவர்கள் ஒலிம்பிக் கண்டார்கள். அக்கா மறுநாளும் பெரட்டுக்குப் போனார்.

தோட்டம் கைமாறியபோது, ஜனங்கள் ஒன்றுகூடிப் போராடிக் கோயிலுக்கு நிலம் வாங்கினார்கள்; தமிழ்ப் பள்ளிக்கும் வாங்கினார்கள். வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோன அந்த வேளையில் அவ்வளவைச் சாதித்ததே பெரிய காரியம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் திடலுக்கு நிலம் வேண்டுமென்று ஒருவரும் மனுவில் எழுதவில்லை. பேராக்கிலே வேறு பல தோட்டங்களின் கதையும் இதுதான் என்று, அங்கிருந்து வந்தவர்களோடு பேசி அறிந்திருக்கிறேன்.

11 ஆகஸ்டு, ஞாயிறு

பாரிஸில் இன்று நிறைவு விழா. எனக்கு அதைப் பார்க்க உத்தேசமில்லை. வேறு வேலை வந்துவிட்டது.

நேற்று அந்தத் தமிழ்ப் பள்ளியின் பின்புறத்தில் லாலான் புல் மண்டிய ஒரு துண்டு நிலத்தைக் கண்டேன். தலைமையாசிரியரின் அனுமதியோடு நாடா வைத்து அளந்ததில், ஒரு பக்கம் 130 மீட்டருக்குமேல் இருக்கிறது. நூறு மீட்டர் நேர்ப்பாதைக்கும், ஓடி வந்தவர்கள் நிற்பதற்கும் அது போதும். அங்கே வாகன நிறுத்தம் அமைக்கலாம் என்று பேச்சு அடிபடுகிறதாம். அடுத்த வாரம் பழைய தோட்டத்தார் கோயில் திருப்பணி விஷயமாகக் கூடுகிறார்கள். அந்நிலத்தைத் திடலாகவே ஒதுக்கவேண்டுமென்று மலாயிலும் தமிழிலும் மனு எழுதி முடித்திருக்கிறேன். கோயில் வரவுசெலவைப் படிப்பதற்கு முன்னால் இதை வாசிக்க விடவேண்டுமென்று தலைவரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். சம்மதித்திருக்கிறார்.