காக்கா எச்சம் நகருது டீச்சர்!

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டு ஞாபகம் இருக்கிறதா? சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போட்டிருப்போம். எங்கள் பள்ளியில் மூன்றையும் சார் போர்டிலேயே எழுதிப் போட்டுவிடுவார். லேபுக்குள் நுழைவதற்கு முன்பே 'காண்பன' முடிந்திருக்கும்! கண்ணால் பார்க்காததை எழுத வைத்து, அதற்கு மார்க்கும் போட்டார்கள்.

போன மாதம் ஒரு நாலாம் வகுப்புப் பையனின் நாற்பது பக்க நோட்டைப் படித்தபோதுதான் இதெல்லாம் நினைவுக்கு வந்தது.

என் பெரியம்மா மகள் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. கொரோனா காலத்தில் விழுந்த இடைவெளியைச் சரிசெய்ய 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த அளவுக்கு எழுதப் படிக்க வருகிறது என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். இந்தப் பையன் அரும்பு. பெயர் என்னவோ அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், நாலாம் வகுப்பில் அரும்பு என்றால் என்ன அர்த்தம் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறது என்பான்.

ஒருநாள் பள்ளித் தோட்டத்துக் கறிவேப்பிலைச் செடி பக்கத்திலிருந்து கத்தினான். "காக்கா எச்சம் நகருது டீச்சர்!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா போய்ப் பார்த்தாள். நிஜமாகவே நகர்ந்தது. அது பட்டாம்பூச்சிப் புழு. கறிவேப்பிலை, எலுமிச்சைச் செடிகளில் வளரும் சில புழுக்கள் சின்னதாக இருக்கும்போது அச்சு அசல் பறவை எச்சம் போலவே இருக்கும், பறவைகளின் கண்ணில் அவ்வளவு சுலபமாக மாட்டாது. வளர்ந்து தோலுரித்த பிறகு இலையோடு இலையாகப் பச்சையாகிவிடும். சீண்டினால் தலையிலிருந்து கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி நாற்றம் பரப்பும்.

இதில் ஒரு வரியைக்கூட அக்கா அன்று சொல்லவில்லை. புழுவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, மூடியில் ஓட்டை போட்டு, அவன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தாள். இடது பக்கம் 'நான் பார்த்தது', வலது பக்கம் 'நான் நினைக்கிறது'. எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை கிடையாது என்பது மட்டும்தான் விதி.

முதல் நாள் அவன் எழுதியது மூன்றே சொற்கள்: 'கருப்பு. வெள்ள. நகருது.' நாலாம் நாள்: 'எல நெறய தின்னுச்சு.' ஒரு வாரம் கழித்து, 'நேத்து எச்சம் மாறி இருந்துச்சி. இன்னிக்கு எல மாறி இருக்கு.' வலது பக்கத்தில், 'எல தின்னதால பச்ச ஆயிருச்சா?'

தப்பான ஊகம்தான். ஆனால், என்ன ஒரு கேள்வி! 'நேத்து' என்று எழுத வேண்டுமென்றால் நேற்று எழுதியதை எடுத்துப் படித்தாக வேண்டும். வாசிப்பு என்றாலே வயிறு வலித்த பையன், தன் கையெழுத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறான், யாரும் சொல்லாமல். ஒப்பிடுவதற்கு வேறு வழியில்லையே.

ஜர்னலிசம் டிப்ளமோவில் எங்களுக்கு முதலில் சொன்ன பாடமும் இதுதான்: பார்த்தது வேறு, நினைப்பது வேறு, ரெண்டையும் கலக்காதே. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளைச் சரிபார்க்கும் வேலையில் தினமும் அதோடுதான் மல்லுக்கட்டுகிறேன். ஒன்பது வயதிலேயே நோட்டின் நடுவில் ஒரு கோடு போட்டுப் பழகியவர்களை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை என்று தோன்றுகிறது.

"அறிவியல் பீரியடில் தமிழும் சேர்த்துச் சொல்லித்தர நேரம் ஏது?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம்தான். பதிவேடுகளும் மதிப்பீடுகளும் அவர்கள் நேரத்தைத் தின்கின்றன. அந்த நோட்டுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை என்று அக்காவும் சலித்துக்கொண்டாள்.

இது புதிய யோசனையும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. செய்து பார், பார்த்ததை உன் சொற்களில் எழுது என்பதுதான் பாடமுறை. தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது 'சவாலிராம்'. அப்படி ஒரு ஆளே கிடையாது. சந்தேகம் வந்தால் குழந்தைகள் கடிதம் எழுதுவதற்காக உருவாக்கிய கற்பனை மனிதர். 'சவால்' என்றால் இந்தியில் கேள்வி. கிராமத்துப் பிள்ளைகள் எழுதினார்கள், பதிலும் போனது. 2002-ல் மாநில அரசு அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது. முப்பது வருட உழைப்பு!

இந்தக் கதையை அக்காவிடம் சொன்னேன். மறுவாரமே வகுப்பில் ஒரு செருப்பு டப்பாவை ஒட்டி, துளை போட்டு வைத்துவிட்டாள். வாரம் ஒரு கேள்வி, பெயர் எழுதித்தான் போட வேண்டும். விடை தெரியாதவை எல்லாம் போட்டோவாக என் போனுக்கு வருகின்றன.

நேற்று வந்தது நம் கறிவேப்பிலைப் பையனுடையது. இந்த முறை ஐந்து வரி. 'புழு கூட்டுக்குள்ள தூங்கும்போது அதுக்கு நாங்க பேசறது கேக்குமா?'

பூச்சியியல் பேராசிரியர் ஒருவருக்கு மெயில் போட்டிருக்கிறேன். அக்கா காலையிலிருந்து ரெண்டு முறை போன் பண்ணிவிட்டாள்.