சுந்தரம் வீட்டு மதியம்

'நண்பகல் நேரத்து மயக்கம்' பார்த்து முடித்த வீடுகளில் அடுத்த அரை மணி நேரம் வழக்காடு மன்றம்தான். எங்கள் வீட்டிலும் அது கூடியது. "அவ்வளவும் கனவு" என்றார் மைத்துனர். "ஆவி வந்து இறங்கியிருக்கு, இதுல என்ன குழப்பம்?" என்றார் அத்தை. கல்லூரியில் படிக்கும் மருமகன் மட்டும், "நாடகம் மாமா. கடைசில வேன்ல இருந்த பேரைப் பாக்கலையா?" என்றான். வேடிக்கை என்னவென்றால், மூவரிடமும் சாட்சி இருந்தது.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, எஸ். ஹரீஷ் எழுதிய இந்த மலையாளப் படம் 2023 ஜனவரியில் திரைக்கு வந்தது. மலையாளப் படம் என்று பெயரே தவிர, நடப்பது தமிழ்நாட்டுக் கிராமத்தில். கணிசமான பேச்சும் தமிழ்தான். வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுக் கேரளம் திரும்பும் ஒரு வேன். மதியச் சாப்பாட்டுக் களைப்பில் எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். மம்மூட்டி நடித்த ஜேம்ஸ் மட்டும் விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போகிறார். சோளக்காட்டைக் கடந்து ஒரு வீட்டுக்குள் நுழைந்து, கிடந்த லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு, மாட்டுக்குத் தீனி போடுகிறார். தமிழ்ச் சாப்பாடும் தமிழ்ப் பாட்டும் பிடிக்காத மனிதர், இப்போது ஊர்க்காரரைப் போலத் தமிழ் பேசுகிறார். அந்த வீட்டுச் சுந்தரம் காணாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

மைத்துனரின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்வோம். சாவை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடும் நிலையாமை அதிகாரத்துக் குறளை, படம் தொடக்கத்திலேயே, பயணிகள் தங்கிய விடுதியில் வைத்து நம் காதில் போட்டுவிடுகிறது. வேனில் எல்லோரும் தூங்குவதையும் நிதானமாகக் காட்டுகிறது. ஆனால் கனவு என்றால் யாருடைய கனவு? ஜேம்ஸ் இல்லாத இடங்களிலும் கதை நடக்கிறது. கூட வந்தவர்கள் கையைப் பிசைகிறார்கள், ஊர்க்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள். காண்பவர் பக்கத்திலேயே இல்லாமல் கனவு எப்படி ஓடும்?

மருமகனின் கட்சிக்கு வேனில் எழுதியிருக்கும் நாடகக் குழுவின் பெயர் துணை. வந்தவர்கள் நாடகக்காரர்கள் என்றால், வேறொருவராக மாறுவது அவர்களுக்குத் தொழில்தான். ஆனாலும் வழி கேட்காமல் அந்த வீட்டைக் கண்டுபிடித்தது எந்த ஒத்திகையில்?

மறுபிறவி என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. கணக்கு இடிக்கிறது. சுந்தரம் போய் இரண்டு வருஷம்தான். ஜேம்ஸோ வளர்ந்த மகனுக்குத் தகப்பன். மிஞ்சுவது அத்தையின் கட்சி. அதிலும் ஓட்டை உண்டு. சுந்தரம் செத்துவிட்டான் என்று உறுதியாகச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. போனவன் வரவில்லை, அவ்வளவே.

இப்படி எல்லாச் சாட்சியையும் சம எடையில் வைத்தது தற்செயல் அல்ல. கனவென்றால் புகையும் மங்கலும் காட்டிப் பழகிய சினிமா நம்முடையது. இங்கே உச்சி வெயில். தேனி ஈஸ்வரின் கேமரா பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்று, தள்ளியிருந்து பார்க்கிறது. பயப்படு, அழு என்று நமக்குச் சொல்லித்தரப் பின்னணி இசையும் இல்லை. எங்கோ ஓடும் பழைய தமிழ்ப் பாட்டும் பட வசனமும்தான் காட்சிகளை நிரப்புகின்றன. எது நிஜம் என்று காட்டும் அடையாளங்களை இயக்குநர் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அதனால் விடையைத் தேடி இன்னும் பத்து முறை பார்த்தாலும் வழக்கு முடியப்போவதில்லை.

என்னை உறுத்துவது வேறு. மூன்று கட்சியும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகின்றன: ஜேம்ஸுக்கு என்ன ஆனது? அந்த வீட்டுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. கண் தெரியாத தாய், வந்தவரைத் தன் மகனாகவே ஏற்கிறாள். மனைவி பூங்குழலியால் ஏற்கவும் முடியவில்லை, போ என்று விரட்டவும் முடியவில்லை. வந்தவரோ, சவரத்துக்குப் போன இடத்தில் தனக்குத் தெரிந்த நாவிதர் இறந்துவிட்டதை அறிந்து, கண்ணாடியில் தன்னுடையதல்லாத முகத்தைப் பார்த்து உடைகிறார். மறுநாள் மதியம் தூங்கி எழுந்தால் மறுபடி ஜேம்ஸ். வேன் கிளம்புகிறது. வந்தவர்களுக்கு ஒரு நாள் பயணம் தாமதம். பூங்குழலிக்கோ, ஒரே புருஷனை இரண்டாம் தடவை இழந்த கணக்கு.

கனவு என்று தீர்ப்பெழுதினால் அவள் துக்கம் யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். நாடகம் என்றால் அது வெறும் நடிப்பாகிவிடும். புரியாத படத்துக்குச் சொல்லப்படும் விளக்கத்தை நான் அளப்பது இப்படித்தான்: புதிர் எவ்வளவு சுத்தமாக அவிழ்கிறது என்பதல்ல, அவிழ்க்கும்போது யாரை வெளியே தள்ளுகிறது என்பதே முக்கியம். அந்த அளவுகோலில் என் ஓட்டு அத்தைக்கு. ஆவி உண்டா இல்லையா என்பது வேறு விவகாரம். சொல்லிக்கொள்ளாமல் போனவனுக்கும் அந்த வீட்டின் மேல் பாத்தியதை மிச்சமிருக்கிறது என்பதை அவர் பேச்சு மட்டுமே ஒப்புக்கொள்கிறது.

இந்தப் படத்தில் நடித்ததற்காக மம்மூட்டிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருது கிடைத்தது, தகும். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது அவரை விட்டுவிட்டு, பூங்குழலியாக வரும் ரம்யா பாண்டியன் எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அதற்குப் பிறகும் இது வெறும் கனவுதான் என்று தோன்றினால், மைத்துனரோடு சேர்ந்துகொள்ளுங்கள்.