தறிச் சத்தம் ஓய்ந்த வேளை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். சுவருக்கு அப்பால் குழித்தறி. காலை ஆறு மணிக்குத் தொடங்கும் அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். ஒரு நாள் சத்தம் இல்லை. மறுநாளும் இல்லை. தறி நெய்யும் பெரியவருக்கு உடம்புக்கு என்னவோ என்று போய் எட்டிப் பார்த்தேன். அவரும் அவர் மனைவியும் தறிமேல் குனிந்து, இழை இழையாகக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

“தறி நின்னுபோச்சுன்னு நெனச்சேன்” என்றேன்.

“சத்தம் வரலன்னா வேலை நடக்கலன்னு அர்த்தமாம்மா?” என்றார், தலையைத் தூக்காமல்.

புடவையின் உடல் ஒரு நிறம், முந்தி வேறு நிறம். உடலை நெய்து முடித்ததும், முந்திக்கான புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அதுவரை நாடா ஓடாது. துணி ஒரு விரற்கடைகூட வளராது. காஞ்சிப் பட்டுக்குப் பேர் வாங்கித் தந்த வேலைகளில் அதுவும் ஒன்று.

அது 2019. எங்களுக்குத் திருமணமாகி ஒன்பதாவது ஆண்டு. குழந்தை இல்லை. அந்த ஜூலையில், 40 ஆண்டுக்கு ஒருமுறை தரிசனம் தரும் அத்தி வரதரைக் காண ஊரே திரண்டிருந்தது. 1979இல் பாவாடைச் சிறுமியாகப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, 40 ஆண்டு கழித்துப் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். என் விசுவாசம் வேறு. ஆனாலும் அவருடைய பொறுமையைப் பார்த்து எனக்கு ஏக்கமாக இருந்தது. அவருடைய காத்திருப்புக்கு ஒரு தேதி இருந்தது. என்னுடையதற்கு இல்லை.

“விசேஷம் ஏதாவது உண்டா?” என்று கேட்டவர்கள் கேட்பதை நிறுத்தியிருந்தார்கள். ஆராதனையில் பிள்ளை பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்லும்போது மனதார ஆமென் சொல்வேன்; வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவேன். கர்த்தர் இல்லையென்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பேசாமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

தறியைப் பார்த்துவிட்டு வந்த அன்று இரவு ஆதியாகமத்தைத் திறந்தேன். 16ஆம் அதிகாரம் முடியும்போது ஆபிராமுக்கு 86 வயது. 17ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் 99. நடுவில் 13 ஆண்டுகள். அவற்றைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. 75 வயதில் வாக்குப் பெற்றார், 100 வயதில் ஈசாக்கைப் பெற்றார் என்று ஞாயிறு பள்ளியில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். அந்த 13 ஆண்டின் ஒவ்வொரு விடியலிலும் அவர் கூடாரத்தை விட்டு வெளியே வந்திருப்பார், மந்தையைப் பார்த்திருப்பார், வயதேறும் மனைவியின் முகத்தைப் பார்த்திருப்பார். பிள்ளைப் பருவத்திலிருந்து வாசித்த பக்கம்தான். அன்றுதான் அந்த இடைவெளி என் கண்ணில் பட்டது.

யோபு தன் நாட்களை நெசவாளியின் நாடாவோடு ஒப்பிட்டுப் புலம்புகிறார். நம்பிக்கையில்லாமல் அவை முடிகின்றன என்கிறார். அங்கே நம்பிக்கைக்கு எபிரேயத்தில் உள்ள சொல் ‘திக்வா’. ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்பு நூலுக்கும் அதே சொல்தான். நம்பிக்கையும் நூலும் ஒரே சொல் என்பதைப் படித்தபோது, சுவருக்கு அப்பால் குனிந்திருந்த இரண்டு தலைகள்தான் நினைவுக்கு வந்தன.

அன்றைய இழையை அன்றைக்குப் பிணைப்பது என்று முடிவு செய்தேன். ஜெபிக்க வார்த்தை வராத நாட்களில் சங்கீதங்களைக் கடன் வாங்கினேன். 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். அதற்குள் இன்னும் எவ்வளவு காலம் என்று தாவீது நான்கு முறை கேட்டுவிடுகிறார். முறையிடுவது அவிசுவாசம் அல்ல என்று அங்கே கற்றேன். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோடு மருத்துவமனைக்குப் போனேன். ஒரு பாட்டிக்குத் தலை வாரிவிட்ட அரைமணி நேரம் என் துக்கம் எனக்கு மறந்திருந்தது.

உனக்கு விசுவாசம் போதாது என்று சொன்னவர்களும் உண்டு. காத்திருப்பவரிடம் தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். சகரியாவும் எலிசபெத்தும் குற்றமற்றவர்களாய் நடந்தார்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அவர்களுக்குப் பிள்ளையில்லை என்கிறார் லூக்கா.

காத்திருந்ததன் பலனைப் பார்க்காமலே போனவர்களும் உண்டு. இந்த ஊரில் 1839இல் தொடங்கிய ஆண்டர்சன் பள்ளி இன்றும் நடக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து 1837இல் சென்னைக்கு வந்த மிஷனரி ஜான் ஆண்டர்சனின் பெயர் அது. 1841இல் அவருடைய சென்னைப் பள்ளி மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றதும், பெற்றோர்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ள, வகுப்புகள் காலியாயின. மிஞ்சியவர்களுக்கு அவர் பாடம் நடத்தினார். 1855இல் இறந்துபோனார். 1862இல் வந்த வில்லியம் மில்லர் அந்தச் சென்னைப் பள்ளியைத்தான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்த்தார். ஆண்டர்சன் தன் பங்கு இழைகளைப் பிணைத்தார். முந்தி நெய்யப்பட்டதை அவர் பார்க்கவில்லை.

எங்களுக்கு இன்றும் குழந்தை இல்லை. இந்தக் கட்டுரைக்கு வேறு முடிவு எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஒன்பதாம் ஆண்டில் அறுந்துபோகும் என்று நான் பயந்த விசுவாசம் அறுபடவில்லை. பெரியவர் நெய்த புடவையில் உடலும் முந்தியும் சேரும் இடத்தை விரலால் தடவினால் சிறு மேடு தட்டுப்படும். பழைய இழையும் புதிய இழையும் ஒன்றாக அங்கே இருப்பதால் அந்த இடம் தடித்திருக்கிறது.

இப்போதும் சில காலைகளில் சுவருக்கு அப்பால் சத்தம் வருவதில்லை. நான் எட்டிப் பார்ப்பதில்லை.