காயலாங்கடையில் ஒரு கால யந்திரம்

1963 நவம்பர் 23, சனிக்கிழமை. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள். அந்தத் துக்கத்துக்கு நடுவே லண்டனில் பி.பி.சி. டெலிவிஷன் சாயங்காலம் ஐந்தேகால் மணி சுமாருக்கு ஒரு புது விஞ்ஞானத் தொடரை ஆரம்பித்தது. பெயர் 'டாக்டர் ஹூ'. நம்ம சென்னைக்கு டி.வி. நிலையம் வர அப்போது இன்னும் 12 வருஷம் பாக்கி!

அவ்வளவு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை இன்னிக்கு எவன் பார்ப்பான் என்று கேட்பீர்கள். நான் மூணு தரம் பார்த்தேன் நண்பர்களே. முதல் பாகம் 25 நிமிஷத்துக்கும் குறைவுதான். கடலூர் முதுநகரில் ரயில் ஏறி செல்போனில் போட்டால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி பரங்கிப்பேட்டை வருவதற்குள் முடிந்துவிடும். சிதம்பரத்தில் இறங்கும்வரை யோசிக்கலாம்.

கதை ஒரு பள்ளிக்கூடத்தில் ஆரம்பிக்கிறது. சூசன் என்று ஒரு மாணவி. சரித்திரம், விஞ்ஞானம் இரண்டிலும் வாத்தியார்களை விட அதிகம் தெரிந்தவள். ஆனால் சாதாரண விஷயத்தில் உளறுகிறாள். இங்கிலாந்தில் தசம முறைக் காசு என்று நினைத்துக்கொண்டு பேச, வகுப்பே சிரிக்கிறது. ஏனென்றால் அங்கே அப்போது பவுனும் ஷில்லிங்கும்தான். அவர்கள் தசமத்துக்கு மாறியது 1971-ல். நாம் அணாவை விட்டு நயா பைசாவுக்கு வந்தது 1957-லேயே! சூசன் நம்மூர் வகுப்பில் உட்கார்ந்திருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அவளுடைய வீட்டுப்பாடம் சரியில்லை என்று இரண்டு வாத்தியார்கள், ஓர் அம்மாவும் ஒரு சாரும், ஆபீஸில் உள்ள முகவரியைத் தேடிப் போகிறார்கள். அங்கே வீடே இல்லை. ஒரு காயலாங்கடை!

இந்த இடத்தில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்க வீட்டில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டியது நான்தான் முதல். எட்டாவது படிக்கையில் பத்து நாள் வகுப்புக்குப் போகவில்லை என்று எங்க கணக்கு சார் வீட்டைத் தேடி வந்துட்டார். நோட்டில் எழுதியிருந்த தெருப் பேரை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் விசாரித்து வந்திருக்கிறார். அம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடி நாற்காலி இரவல் வாங்கி வந்தாங்க. சார் அதில் உட்காரலை, திண்ணையிலேயே உட்கார்ந்துட்டார். "தம்பி கெட்டிக்காரன்மா, அனுப்பி வைங்க"ன்னு மட்டும் சொன்னார். நான் உள்ளே கதவுக்குப் பின்னாலதான் நின்னேன். அந்தப் பெட்டிக்குள் வாத்தியார்களைப் பார்க்கும்போது சூசன் முகத்தில் ஒரு திகில் தெரியும் பாருங்கள், அது நடிப்பு மாதிரியே இல்லை.

பெட்டி என்றால், இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் போலீசுக்குப் போன் செய்யத் தெருவில் வைத்திருந்த நீலப் பெட்டி. வெளியே ஒரு ஆள் நிற்கிற அளவு. உள்ளே போனால் பெரிய மண்டபமே இருக்கிறது. இதைச் சிதம்பரத்துக்காரர்களுக்கு விளக்கணுமா? சின்னத் திரைக்குப் பின்னால் ஆகாயத்தையே வைத்திருக்கிற ஊராச்சே!

இதை எடுத்த டைரக்டர் யார் தெரியுமா? வாரிஸ் ஹுசேன். பிறந்தது 1938-ல், நம்ம லக்னோவில். 1946-ல் இங்கிலாந்து போன குடும்பம். அவருக்கு அப்போது வயசு 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண்ணுக்கு 27. இரண்டு பேரும் செப்டம்பர் 27-ந் தேதி முதல் பாகத்தை ஒரு தரம் எடுத்து முடித்தார்கள். கால யந்திரத்தின் கதவு மூடாமல் படபடவென்று அடித்துக்கொண்டது. டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் கடுகடுவென்று இருந்தார். மேலதிகாரி சிட்னி நியூமன் பார்த்துவிட்டு, செல்லாது, திரும்ப எடு என்றார். அரியர்தான்! அதே இடத்தில் அக்டோபர் 18-ந் தேதி மறுபடி எடுத்தார்கள். தேறாத முதல் பிரதியும் பத்திரமாக இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். கதவு சரியானது பெரிசில்லை. டாக்டர் முகத்தில் குறும்பு வந்ததும் கதைக்கே உயிர் வந்துவிட்டது.

இ.சி.இ. நண்பர்களுக்கு ஒரு சேதி. இசையை எழுதியவர் ரான் கிரெய்னர். அதைச் சத்தமாக்கியவர் டீலியா டெர்பிஷைர் என்ற பெண். சிந்தசைசர் கிடையாது, கீபோர்டு கிடையாது. ஆசிலேட்டர் சத்தத்தையும் ஒரு தந்தியை மீட்டிய சத்தத்தையும் டேப்பில் பதிந்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, பிளேடால் துண்டு துண்டாக வெட்டி ஒட்டியே முழுப் பாட்டையும் செய்திருக்கிறார். கால யந்திரம் கிளம்புகிற முனகலுக்கு பிரையன் ஹாட்ஜ்சன் என்பவர் பழைய பியானோவின் தடித்த கம்பிமேல் வீட்டுச் சாவியை வைத்துத் தேய்த்தார். அவ்வளவுதான் செலவு. நம்ம லேப்பில் அது இல்லை இது இல்லை என்கிறோமே!

கென்னடி சேதியும் சில ஊர்களில் கரண்ட் கட்டும் சேர்ந்து பலர் முதல் பாகத்தைத் தவறவிட்டார்கள். அதனால் அடுத்த சனிக்கிழமை அதையே மறுபடி போட்டுவிட்டு, தொடர்ந்து இரண்டாம் பாகத்தைக் காட்டினார்கள். அதற்கப்புறம் மூன்று பாகமும் கற்கால மனுஷங்க நெருப்புக்காக அடித்துக்கொள்கிற கதை. உண்மையைச் சொன்னால் அது சுமார்தான். முதல் பாகத்தை மட்டும் பாருங்கள். பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது, திருப்பிக் கொடுப்பவர்களுக்கு மட்டும்.